ஒரே வெள்ளம், பல செய்தி: நாளிதழ்களையும் சேனல்களையும் ஒப்பிட்டுப் படிக்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பழைய சண்டை உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததற்கு யார் காரணம்? ஒருவர் ஒரு நாளிதழ் நறுக்கைக் காட்டுவார். இன்னொருவர் வேறொன்றைக் காட்டுவார். இரண்டிலும் எண்கள் இருக்கும், ஆனால் ஒத்துப்போகாது. இந்த நறுக்குகளை எல்லாம் திரட்டி ஒரு கோப்பாக்கித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய தாள் எங்கே கிடைக்கும், எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டவே கூடாது என்று சொல்லித்தர ஆளில்லாமல் நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

உதாரணம் முழுக்க, உபரித் தண்ணீர் அடையாற்றில் சேரும் செம்பரம்பாக்கம் ஏரிதான். எனக்குத் தெரிந்தது அது. நீங்கள் ஒரு சாலை விபத்தையோ, துப்பாக்கிச் சூட்டையோ, பட்ஜெட் அறிவிப்பையோ எடுத்துக்கொண்டாலும் வேலை இதே மாதிரிதான் போகும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. "இந்தப் பத்திரிகை இந்தக் கட்சிக்காரன்" என்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். செய்திகளுக்கு நடுவே தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி, எத்தனை மணி நிலவரம், யார் சொன்ன தகவல் என்ற இரண்டிலிருந்து வருகிறது. அந்த இரண்டையும் கழித்த பிறகு மிச்சம் நிற்பதுதான் சார்பு. அது நாம் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் வேறெங்கோ இருக்கும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"2015 சென்னை வெள்ளம்" என்று தேட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் முடியாது. என் கேள்வி இது: டிசம்பர் 1 காலை முதல் 2 இரவு வரை செம்பரம்பாக்கத்திலிருந்து எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்குத் திறக்கப்பட்டது, கரையோர மக்களுக்கு எப்போது சொன்னார்கள்? இடம், நாள், கேட்க வேண்டிய மூன்று விவரம். அவ்வளவுதான்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் நடுவிலும் ஏரி திறக்கப்பட்டது. அப்போது எடுத்த படங்களும் காணொளிகளும் டிசம்பர் சம்பவத்தின் பெயரில் இன்றும் சுற்றுகின்றன. உங்கள் சம்பவத்துக்கும் இப்படி ஒரு "அண்ணன் சம்பவம்" முன்னால் நடந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

2. ஐந்தாறு ஊடகம் போதும், ஆனால் கலந்து எடுங்கள்

பத்து இணையதளங்களைத் திறந்து வைப்பதைவிட, வேறு வேறு இடத்தில் நிற்கும் ஐந்தாறு போதும். பரவலாக விற்கும் ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு மாலை நாளிதழ், ஆளுங்கட்சி ஏடு, எதிர்க்கட்சி ஏடு, வெளியூரிலிருந்து எழுதும் ஒன்று (டெல்லி நாளிதழோ பிபிசி தமிழோ).

கட்சி ஏடுகளைத் தள்ளிவிடாதீர்கள். "அது பிரச்சாரம்தானே" என்று பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. 2015-ல் முதல்வர் ஜெயலலிதா. ஆளுங்கட்சியின் ஏடு நமது எம்.ஜி.ஆர்., சேனல் ஜெயா டிவி. எதிர்ப்பக்கம் முரசொலி, கலைஞர் தொலைக்காட்சி, இடதுசாரிகளில் தீக்கதிர். மற்ற நாளிதழ்கள் ஒரு தலைவரின் அறிக்கையை நாலு வரியாகச் சுருக்கும். கட்சி ஏடு அதை முழுசாகப் போடும். எதை வெட்டினார்கள் என்று தெரிய வேண்டுமானால் வெட்டாத பிரதி கையில் இருக்க வேண்டும் இல்லையா?

ஒவ்வொரு ஊடகத்துக்கும் அன்றைய தேதியில் உரிமையாளர் யார் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய உரிமையாளரைப் பத்து வருடம் முந்தைய செய்திக்குப் பொருத்திவிடக் கூடாது.

3. பழைய செய்தி எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்

இங்கேதான் காலமும் காசும் கரையும். செலவில்லாத வழியிலிருந்து ஆரம்பியுங்கள்.

இணையம்: கூகுள் தேடலில் "டூல்ஸ்" பகுதிக்குப் போனால் தேதி வரம்பு கொடுக்கலாம். டிசம்பர் 1 முதல் 5 வரை என்று கட்டிவிட்டுத் தேடுங்கள். பாதிக் குப்பை அங்கேயே கழிந்துவிடும். தமிழில் தேடும்போது "கன அடி" என்றும் "கனஅடி" என்றும் இரண்டு விதமாகப் போடுங்கள். ஒரே நாளிதழே இரண்டையும் எழுதும். பக்கம் காணாமல் போயிருந்தால் முகவரியை நகலெடுத்து வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் தளம்) ஒட்டுங்கள், இலவசம். அங்கே ஒரே பக்கத்தின் பல நாள் பிரதிகள் இருந்தால் முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் எடுத்து வையுங்கள். தலைப்பு மாறியிருந்தால் அங்கே மாட்டும்.

புதிய சம்பவம் என்றால் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். செய்தி வந்த முதல் மணி நேரத்திலேயே வேபேக்கில் நீங்களே சேமித்துவிடுங்கள். மறுநாள் காலை என்று தள்ளிப்போட்டால் முதல் வடிவம் போய்விடும். பக்கத்தில் "வெளியானது", "புதுப்பிக்கப்பட்டது" என்று இரண்டு நேரம் இருந்தால் இரண்டையும் குறியுங்கள்.

மின்னிதழ்: சந்தா கட்டும் முன் அவர்களுடைய பழைய இதழ்த் தொகுப்பு எந்தத் தேதி வரை பின்னால் போகிறது என்று பாருங்கள். சில மின்னிதழ்களில் சமீப காலத்து இதழ்கள் மட்டுமே இருக்கும். 2015 வேண்டும் என்று ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டு ஏமாறக் கூடாது. மாதச் சந்தா இருந்தால் அதையே எடுங்கள். யுபிஐ ஆட்டோபே அனுமதி கேட்டால், வேலை முடிந்ததும் அதை ரத்து செய்ய போனில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

நூலகம்: சென்னையில் எழும்பூர் கன்னிமாரா நூலகம்தான் முதல் இடம். நாட்டில் வெளியாகும் நூல்களுக்கும் நாளிதழ்களுக்கும் சட்டப்படி பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அடையாள அட்டையோடு போங்கள். எந்த நாளிதழ், எந்தத் தேதி, எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் ஊழியர்களுக்கும் தேட எளிது. "வெள்ளச் செய்தி எல்லாம் வேணும்" என்று நின்றால் யாராலும் உதவ முடியாது. போவதற்கு முன் போனில் கேளுங்கள். தொகுதி பைண்டிங்குக்குப் போயிருந்தால் பயணம் வீண். போனில் படம் எடுக்க அனுமதி உண்டா, ஜெராக்ஸ் மட்டும்தானா என்பதையும் அதே போனிலேயே கேட்டுவிடுங்கள்.

மின்னிதழ் பிடிஎஃப்பை வாட்ஸப் குழுவில் முழுசாகப் போடாதீர்கள். இப்படி ஒரு நாளிதழைப் பரப்பிய டெலிகிராம் சேனல்கள் மீது 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. உங்களுக்கு வேண்டிய செய்தியை மட்டும் வெட்டி உங்கள் கோப்பில் வையுங்கள்.

4. எத்தனை மணிக்கு அச்சுக்குப் போனது?

டிசம்பர் 1 அன்று மழை பகல் முழுக்கக் கொட்டியது. ஏரியிலிருந்து விட்ட தண்ணீரின் அளவு நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. மாலை நாளிதழ் மதியத்தோடு முடிந்துவிடும். அதில் இருக்கும் எண் மதிய எண். காலை நாளிதழ் முந்தைய இரவு அச்சாவது, அதிலும் தொலைதூர மாவட்டங்களுக்குப் போகும் பதிப்பு முன்னதாகவே முடியும். ஒரே நாளிதழின் மதுரைப் பதிப்பிலும் சென்னைப் பதிப்பிலும் வேறு வேறு எண் இருந்தால் அதில் சதி ஒன்றும் இல்லை, கடிகாரம்தான்.

அதனால் செய்திகளை ஒப்பிட நீங்கள் போடும் அட்டவணையில் (முழு விவரம் 9-ல்) தேதிக்குப் பக்கத்தில் "எந்த நேர நிலவரம்" என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். செய்திக்குள் "மாலை 6 மணி நிலவரப்படி" என்று இருந்தால் அதையே எழுதுங்கள். இல்லாவிட்டால் பதிப்பின் பெயரை எழுதுங்கள்.

செய்தி இல்லாததையும் கவனமாகப் படிக்க வேண்டும். 2015 டிசம்பர் 2 அன்று தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவே இல்லை. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை. 1878-ல் தொடங்கிய நாளிதழுக்கு அதுதான் முதல் தடவை. இது தெரியாமல் ஒருவர் "அன்றைக்கு அவர்கள் வாயையே திறக்கவில்லை" என்று எழுதிவிட முடியும். காலியாக இருக்கும் கட்டத்தில் "செய்தி போடவில்லை", "இதழே வரவில்லை", "எனக்குக் கிடைக்கவில்லை" என்ற மூன்றில் எது என்று எழுதுங்கள். மூன்றும் ஒன்றல்ல.

5. ஒரே பிரதியைப் பல தடவை எண்ணாதீர்கள்

பல தளங்களில் ஒரே விஷயம் வந்திருக்கிறது, எனவே உண்மை என்று தோன்றும். வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிடிஐ செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே செய்தியைத்தான் எல்லாரும் போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் செய்தியின் தலையிலோ காலிலோ நிறுவனத்தின் பெயர் இருக்கும். தமிழில் பெரும்பாலும் இருக்காது, மொழிபெயர்த்துவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: தகவல்கள் வரும் வரிசையும் மேற்கோள் வெட்டப்பட்ட இடமும் ஒன்றாக இருந்தால் மூலமும் ஒன்றுதான். செய்தித் துறை அனுப்பும் அரசுக் குறிப்பும் இப்படித்தான் வரிக்கு வரி வெளியாகும்.

இப்படிப்பட்டவை எல்லாம் அட்டவணையில் ஒரே வரிசை. எத்தனை தளம் போட்டது என்பதை ஓரத்தில் எழுதினால் போதும்.

சேனல்களின் நியூஸ் கார்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். லோகோவோடு போலி கார்டு தயாரிப்பது இன்று ஒரு குடிசைத் தொழில். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் இல்லாத கார்டைக் கோப்பில் சேர்க்காதீர்கள். யூடியூப் காணொளியானால் தம்ப்நெயில் வாசகத்தை விட்டுவிட்டு, உள்ளே வாசித்த செய்தியைத் தட்டச்சு செய்யுங்கள்.

6. எண்களை அலகோடு எடுங்கள்

எங்கள் சங்கச் சண்டையில் பாதி இங்கேதான் தீர்ந்தது.

அன்று ஏரியிலிருந்து அதிகபட்சமாக 29,000 கன அடி திறக்கப்பட்டது என்பது அரசு சொன்ன எண். அது வினாடிக்கு. தமிழ் நாளிதழ்கள் "29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறப்பு" என்று எழுதி, "வினாடிக்கு" என்ற சொல்லை விட்டுவிடும். பழகிய வாசகருக்குப் புரியும். புதியவர் மொத்தமே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது 3.645 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி). வினாடிக்கு 29,000 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் கிட்டத்தட்ட 2.5 டிஎம்சி. ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். இப்போது அந்த எண்ணின் கனம் தெரிகிறதா? வினாடிக் கணக்கை 86,400-ஆல் பெருக்கினால் ஒரு நாள் அளவு வந்துவிடும். போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

நீர்மட்டம் அடிக் கணக்கில் வரும், முழு அளவு 24 அடி. அடியை வைத்து "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்று முடிவு செய்யாதீர்கள். ஏரி மேலே போகப் போக விரியும் என்பதால் மேல் இரண்டு அடியில் பிடிக்கும் தண்ணீர், ஏரியின் தரையை ஒட்டிய இரண்டு அடியைவிட மிக அதிகம்.

மழைக்கு வருவோம். வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கு எடுக்கும். டிசம்பர் 1 அன்று பெய்த மழை டிசம்பர் 2-ஆம் தேதி அறிக்கையில்தான் இருக்கும். தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29. ஒரு சேனல் "சென்னையில் 29 செ.மீ." என்றும் இன்னொன்று "49 செ.மீ." என்றும் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்த இடத்து மழைமானி என்று கேளுங்கள்.

"நூறாண்டு காணாத மழை" என்ற தலைப்பும் அப்படித்தான். அதற்குப் பின்னால் இரண்டு தனித்தனிக் கணக்கு இருந்தது. நவம்பர் மாத மொத்தம் 1,049 மி.மீ., 1918-க்குப் பிறகு அதிகம். ஆனால் 1918-ன் 1,088-ஐத் தாண்டவில்லை. டிசம்பர் 1 மழை, ஒரே நாளில் பெய்த டிசம்பர் மழை என்ற கணக்கில் 1901-ன் சாதனையை முறியடித்தது. செய்திகள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டன.

பலி எண்ணிக்கைக்கு மூன்று கேள்வி: எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பரப்பில், யார் எண்ணியது? நானூறைத் தாண்டிய எண் மாநிலம் முழுக்க, பருவமழைக் காலம் முழுக்க. டிசம்பர் 1, 2 இரவுகளில் சென்னையில் இறந்தவர்கள் என்று அதை எழுதியவர்களும் உண்டு.

7. திறந்தது யார் என்று செய்தி சொல்கிறதா?

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். "ஏரி திறக்கப்பட்டது", "அதிகாரிகள் திறந்தனர்", "அரசு திறந்துவிட்டது", "ஏரி நிரம்பி வழிந்தது": நாலும் நாலு விதம். கடைசியில் ஆளே இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் அட்டவணையில் "செய்தவர்" என்ற பத்தியை நிரப்புங்கள். மேற்கோள் யாருடையது, எத்தனை வரி, பாதிக்கப்பட்டவர் பேச செய்தியின் எத்தனையாவது பாராவில் இடம் கிடைத்தது என்பதையும் குறியுங்கள். கடிகாரத்தையும் மூலத்தையும் கழித்த பிறகு மிஞ்சும் சார்பு பெரும்பாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கும். பெயரடைகளை வேட்டையாடுவதைவிட இது பலன் தரும்.

8. அடிப்படை ஆவணம் இல்லாமல் தீர்ப்பு எழுதாதீர்கள்

பத்து செய்திகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தால் விவாதம் முடியாது. செய்திகளுக்கு வெளியே ஓர் ஆவணம் வேண்டும்.

முதலில் இலவசமானவை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் தளத்தில் ஏரிகளின் தினசரி நிலவரம் தேதிவாரியாகக் கிடைக்கும். இருப்பு, வரத்து, வெளியேற்றம் எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பதிவுதான், நடு இரவின் உச்சம் அதில் தெரியாது. அடுத்தது சிஏஜி (அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கை. சென்னை வெள்ள மேலாண்மை பற்றிய தணிக்கை அறிக்கை 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. சிஏஜி தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அது வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. தலைப்பு எல்லா இடத்திலும் அதுதான்.

ஆனால் அறிக்கையைத் திறந்து பாருங்கள். 2015 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் சொன்ன குற்றச்சாட்டு, முந்தைய நாட்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும், தாமதித்துவிட்டார்கள் என்பது. சிஏஜி அழுத்திச் சொன்னது வேறு: ஏரியில் முழு மட்டத்துக்கு இன்னும் இடம் இருக்கும்போதே அவ்வளவு தண்ணீரை வெளியே விட்டார்கள் என்பது. "முன்பே திறக்கவில்லை" என்பதும் "அப்போது அவ்வளவு திறந்திருக்கக் கூடாது" என்பதும் இரண்டு வேறு குற்றச்சாட்டு. 2018 செய்திகளைப் படிக்கும்போது எது முதல் குற்றச்சாட்டைச் சிஏஜி உறுதிசெய்ததாக எழுதியது, எது இரண்டாவதைச் சரியாகச் சொன்னது என்று பிரியுங்கள். அரசுத் தரப்புக்கு, 2015 டிசம்பர் நடுவில் அன்றைய தலைமைச் செயலாளர் கே. ஞானதேசிகன் வெளியிட்ட நீண்ட விளக்கத்தைப் பக்கத்தில் வையுங்கள். செம்பரம்பாக்கத்து உபரி திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்கிறது. அதற்கு மேலே தாம்பரம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் அதே ஆற்றில்தான் வருகிறது. ஏரி ஒன்றை மட்டும் காட்டிய செய்திகளில் இது விடுபட்டிருக்கும்.

மணிவாரிப் பதிவேடு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கடைசிக் கட்டம் வரை போனால் மாதக் கணக்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் ஒப்படைப்புச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மனுவில் "ஏன் திறந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். விளக்கம் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல, இருக்கிற ஆவணத்தைத் தரத்தான் கடமை. "1.12.2015 காலை 6 மணி முதல் 2.12.2015 நள்ளிரவு வரை செம்பரம்பாக்கம் ஏரியின் மணிவாரி நீர்வரத்து, வெளியேற்றப் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். முகவரியிலும் கவனம்: 2015-ல் இது பொதுப்பணித் துறைக்குள் இருந்தது, 2021-லிருந்து நீர்வளத் துறை தனி. தவறிப் பழைய துறைக்கு அனுப்பினாலும் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை மனுவின் கடைசி வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

9. அட்டவணையும் கோப்பும்

எக்செல் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் அகல நோட்டு. பத்திகள்: ஊடகம், பதிப்பு, தேதி, எந்த நேர நிலவரம், மூலம், எண்ணும் அலகும், செய்தவர், விடுபட்டது. "என் கருத்து" என்று ஒரு பத்தி வைக்க ஆசை வரும். வைத்தால் கடைசியில் தனித்தாளில் வையுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போட்டால் கணினி தானாகவே அடுக்கிவிடும். "ஸ்கிரீன்ஷாட் 47" என்று விட்டால் அடுத்த மாதம் உங்களுக்கே தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டில் முகவரிப் பட்டையும் தேதியும் தெரிய வேண்டும்.

நேரக் கணக்கு: நேற்று நடந்த சம்பவம், ஐந்து ஊடகம் என்றால் ஒரு வாரயிறுதி போதும். பத்து வருடம் பழையது என்றால் தகவல் மனுவை முதல் நாளே அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் நூலக வேலையை முடியுங்கள். பதில் வந்த பிறகு அட்டவணையை ஒரு தடவை மேலிருந்து கீழே திருத்த வேண்டியிருக்கும், அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய வடிவத்தை அழிக்காமல் வேறு பெயரில் வையுங்கள். சங்கக் கூட்டத்தில் யாராவது "போன தடவை வேற மாதிரி சொன்னீங்களே" என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.